பழைய ஜிப்ஸிக்கு மின்சாரப் பவர் ஸ்டீயரிங்: பாரம் எங்கே போகிறது?

கேள்வி இதுதான்: 1998 மாடல் மாருதி ஜிப்ஸி, கார்புரேட்டர் இன்ஜின். 235/75 ஆர்15 டயர் போட்டதிலிருந்து நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியவில்லை, தோள்பட்டை வலிக்கிறது. காயலான் கடையில் மாருதி காரின் மின்சாரப் பவர் ஸ்டீயரிங் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கி மாட்டிவிடலாமா?

மாட்டலாம். என் ஜிப்ஸியில் ஆறு வருடமாக ஓடுகிறது. ஆனால் ஒன்றைப் புரிந்துகொண்டு தொடங்குங்கள். உங்கள் கை சுமந்த பாரத்தை மோட்டார் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். பாரம் எங்கும் காணாமல் போவதில்லை. மோட்டாருக்குக் கீழே இருக்கும் தண்டு, அதை இணைக்கும் ரப்பர் கப்ளிங், ஸ்டீயரிங் பாக்ஸ் (பல்சக்கரப் பெட்டி), அங்கிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க், இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டை ராட் எல்லாம் முன்பைவிடக் கூடுதலாகத்தான் சுமக்கும். மனிதக் கை ஓரளவுக்கு மேல் முடியவில்லை என்று விட்டுவிடும். மோட்டார் விடாது.

நான் முதல் தடவை இதை யோசிக்கவில்லை. மாட்டிய மூன்றாவது வாரம், முன் டயர் இரண்டு கற்களுக்கு நடுவே சிக்கியிருந்தபோது பழக்கதோஷத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். எந்தச் சிரமமும் இல்லாமல் திரும்பியது. டயர் மட்டும் திரும்பவில்லை. கீழே இறங்கிப் பார்த்தால், இருபது வருடப் பழைய ரப்பர் கப்ளிங் கிழிந்து தொங்குகிறது. வண்டி நின்றுகொண்டிருந்தது என் நல்ல நேரம்.

அதனால் முதல் வேலை பவர் ஸ்டீயரிங் வாங்குவதல்ல. வண்டி ஏன் இவ்வளவு கனமாகத் திரும்புகிறது என்று கண்டுபிடிப்பது. முன் ஆக்ஸிலை ஜாக்கியில் ஏற்றி, இரண்டு சக்கரமும் தரையைத் தொடாமல் நிறுத்துங்கள். ஸ்டீயரிங்கை ஒரு விரலால் திருப்பிப் பாருங்கள். லேசாகத் திரும்பினால் குற்றம் டயரிலும் காற்றிலும்தான். அந்தரத்திலும் கனமாக இருந்தால் டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டு மறுபடி திருப்புங்கள். இப்போது லேசாகிவிட்டால் கோளாறு சக்கரப் பக்கம். இன்னும் கனம் என்றால் ஸ்டீயரிங் பாக்ஸிலோ அதற்கு மேலே தண்டிலோ.

ஜிப்ஸியில் சக்கரப் பக்கம் என்றால் பெரும்பாலும் கிங் பின் பேரிங், அதாவது முன்சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சில் இருக்கும் பேரிங். சேற்றிலும் ஆற்றிலும் இறங்கும் வண்டிக்கு நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) சீல் போய், தண்ணீர் புகுந்து, கிரீஸ் மண்ணாகிவிடும். புது பேரிங் போட்டவர் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) கணக்கைப் பார்க்காமல் இறுக்கி வைத்திருந்தாலும் இதே கதை. டை ராடைக் கழற்றி, ஆயில் சீல் இல்லாத நிலையில், நக்கிள் நுனியில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தால் ஒன்று, ஒன்றரை கிலோவில் நகரத் தொடங்க வேண்டும். ஐந்து கிலோ காட்டினால் பவர் ஸ்டீயரிங்குக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் பேரிங் வாங்குங்கள். பாக்ஸில் கியர் ஆயில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல வண்டிகளில் அது வற்றி வருடக்கணக்காகியிருக்கும், யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். பாக்ஸ் உட்காரும் இடத்தில் சேஸிஸைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பெரிய டயர் போட்ட ஜிப்ஸிகளில் அங்கே மயிரிழை விரிசல் விடுவதுண்டு. விரிசல் இருந்தால் தகடு வைத்துப் பலப்படுத்தாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

டயர் விஷயம் உங்களுக்கே தெரியும். இந்த வண்டி வந்தது ஒல்லியான எஃப்78-15 டயரோடு. இன்று போடும் அகல டயர், அதற்காக வெளியே தள்ளிய ரிம், காட்டுக்குள் இறக்கிவிட்ட காற்று, மூன்றும் சேர்ந்தால் திருப்பும்போது ரப்பர் தரையோடு மல்லுக்கட்டும். ரிம்மை வெளியே தள்ளத் தள்ள, கிங் பின் அச்சிலிருந்து டயரின் நடு விலகுகிறது. அந்த விலகல்தான் கையில் கனமாகத் தெரிகிறது. நீங்கள் ஸ்பேசர் (ரிம்மை வெளியே தள்ளும் வளையம்) போட்டிருந்தால் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதிலேயே பாதி வலி போய்விடலாம்.

இத்தனையும் சரி, இன்னும் கனம்தான் என்றால், அப்புறம் மோட்டார்.

ஹைட்ராலிக்கா, மின்சாரமா என்ற கேள்வி அடுத்து வரும். 31 அங்குல டயரும் முன் ஆக்ஸிலில் லாக்கரும் (இரண்டு சக்கரத்தையும் சேர்த்துச் சுழலவைக்கும் பூட்டு) போட்டுப் பாறை ஏறுகிறவருக்கு ஹைட்ராலிக்தான் சரி. அங்கே உதவி பாக்ஸிலேயே கிடைப்பதால் மேலே இருக்கும் தண்டுக்குப் பாரமில்லை. ஆனால் பம்ப்புக்கு பிராக்கெட், புல்லி, பெல்ட், குழாய், டேங்க், அதற்கேற்ற பாக்ஸ் எல்லாம் வேண்டும். நேராகப் போகும்போதும் பம்ப் சுற்றிக்கொண்டே இருப்பதால் 1.3 லிட்டர் இன்ஜினில் அதன் இழுப்பு தெரியும். மின்சார உதவி பிறந்ததே இந்தக் கவலையில்தான். 1988-இல் சுஸுகி தன் செர்வோ காரில் கோயோ நிறுவனத்தின் மின்சார ஸ்டீயரிங்கை வைத்தபோது, அந்தக் காரின் இன்ஜின் 550 சிசிகூட இல்லை. பம்ப்புக்குக் கொடுக்க அதனிடம் சக்தி ஏது? உங்கள் டயர் அளவுக்கு, ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள வண்டிக்கு, மின்சாரம் போதும்.

"ரேக் அண்ட் பினியன் காரின் யூனிட், பழைய பாக்ஸ் வண்டிக்கு எப்படிச் சேரும்?" என்று மெக்கானிக்குகள் கேட்பார்கள். சேரும். சுஸுகியே தன் புது ஜிம்னியில் உருள்குண்டு வகை பாக்ஸ், முழு முன் ஆக்ஸில், மின்சார உதவி என்ற இதே கூட்டணியைத்தான் வைத்திருக்கிறது. மோட்டார் ஸ்டீயரிங் காலத்தில் (column, அதாவது ஸ்டீயரிங் சக்கரத்திலிருந்து இறங்கும் தண்டும் அதன் குழாயும்) உட்காரும் வகை எந்த பாக்ஸுக்கும் மேலே நிற்கும். கீழே என்ன இருக்கிறது என்று அதற்குக் கவலையில்லை. வசதி இன்னொன்று: மோட்டார் டேஷ்போர்டுக்குக் கீழே, கேபினுக்குள் இருப்பதால் ஆற்றில் இறங்கினாலும் நனையாது.

உள்ளே என்ன நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், யூனிட் தேர்வுக்கு அது தேவை. தண்டின் நடுவே மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று இருக்கிறது. நீங்கள் திருப்பும்போது டயர் தடுத்தால் அந்தக் கம்பி சில டிகிரி முறுகும். டார்க் சென்சார் அந்த முறுக்கத்தை மின்னழுத்தமாக மாற்றி கன்ட்ரோல் யூனிட்டுக்குச் சொல்லும். அது மோட்டாரை ஓட்டும். மோட்டார் ஒரு வார்ம் கியர் வழியாகத் தண்டைத் தள்ளும். வண்டி வேகமெடுக்க எடுக்க உதவியைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் 80 கிலோமீட்டரில் ஸ்டீயரிங் பஞ்சாகிவிடும். அதற்குத்தான் வேகச் சிக்னல்.

சென்னை புதுப்பேட்டை போன்ற இடத்தில் தேடும்போது பழைய யூனிட்டையே கேளுங்கள். புது கார்களில் வேகமும் இன்ஜின் செய்தியும் கேன் என்ற தரவு வழியில், காரின் மற்றக் கணினிகளிடமிருந்து வரும். அந்தப் பேச்சு வராவிட்டால் யூனிட் தூங்கும், அல்லது ஏதோ ஒரு நிலையான உதவியை மட்டும் தரும். வெளிநாடுகளில் பழைய கார்க்காரர்கள் ஓப்பல் கோர்சாவின் ஸ்டீயரிங் காலத்தை விரும்புவது, செய்தி வராதபோதும் அது ஓரளவு உதவி தந்துகொண்டே இருக்கும் என்பதால்தான். நம்மூரில் 2000-களின் தொடக்கத்து மாருதி சிறு கார்களின் யூனிட்டுகள், வேகத்துக்கு ஒரு கம்பி, இன்ஜின் சுழற்சிக்கு ஒரு கம்பி என்று தனித்தனியாக வாங்கிக்கொள்ளும் வகை. வலது பக்க ஓட்டுநருக்கானவை, உட்காரும் கோணமும் பெரிய சிக்கலில்லை.

வாங்கும்போது ஸ்டீயரிங் காலத்தை மட்டும் வாங்கி வராதீர்கள். அதே வண்டியின் கன்ட்ரோல் யூனிட், இரண்டு முனை கனெக்டர்களும் ஒரு முழம் வயரோடு, கீழ்த் தண்டு, ஸ்டீயரிங் சக்கரம், சாவி லாக், இன்டிகேட்டர் சுவிட்ச் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து கேளுங்கள். ஒரு மாடலின் ஸ்டீயரிங் காலத்துக்கு இன்னொரு மாடலின் கன்ட்ரோல் யூனிட்டை ஜோடி சேர்த்தால் சென்சாரின் நடுநிலை ஒத்துப்போகாமல் ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் இழுக்கும். கடையில் வைத்தே தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்கேயும் கரகரப்போ பல் தட்டுவதோ இருக்கக்கூடாது. முன்னால் மோதி நசுங்கிய காரின் ஸ்டீயரிங் காலம் வேண்டவே வேண்டாம். மோதலில் சுருங்குவதற்கென்றே செய்த பாகம் அது; ஒருமுறை சுருங்கியிருந்தால் வெளியே தெரியாது.

அந்தச் சுருங்கும் குணம் உங்களுக்கும் லாபம். அதைக் கெடுக்காமல் இருக்க வேண்டும். பட்டறைகளில் நடக்கும் பெரிய தப்பு இங்கேதான். நீளம் சரியாக வரவில்லை என்று காலத்தின் குழாயை வெட்டி ஒட்டுவார்கள், வழுக்கும் பகுதியை வெல்டிங் வைத்து இறுக்கிவிடுவார்கள். நேர் மோதலில் அந்தத் தண்டு ஈட்டியாகி நெஞ்சுக்கு வரும். வெப்பம் டார்க் சென்சாரையும் நைலான் பல்சக்கரத்தையும் கொல்லும் என்பது தனி. காலத்தில் வெல்டிங் நெருப்பே படக்கூடாது. நீளத்தைச் சரிசெய்வது நடுத்தண்டில், அதுவும் வண்டியிலிருந்து கழற்றி வெளியே வைத்து.

நடுத்தண்டுக்கு என் சிபாரிசு: இரண்டு முனையிலும் ஸ்பிளைன் (நீளவாக்கில் வெட்டிய பற்கள்) வெட்டிய யுனிவர்சல் ஜாயின்ட், நடுவே ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் தண்டு. ஸ்பிளைன் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது. ஒரு முனை காலத்தோடு வந்த ஜாயின்ட், மறுமுனை ஜிப்ஸி பாக்ஸுக்கான ஜாயின்ட், இரண்டையும் சேர்க்க லேத்தில் ஒரு ஸ்லீவ். ஸ்லீவுக்குள் இரண்டும் இறுக்கமாக உட்கார்ந்து, குறுக்கே துளைத்து பின் அடித்து, அதற்குப் பிறகே வெல்டிங். முட்டவைத்து ஒட்டிய தண்டை நான் என் வண்டியில் ஏற்ற மாட்டேன், யார் ஒட்டியிருந்தாலும் சரி. இரண்டு ஜாயின்டின் கவட்டைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். மாற்றி வைத்தால் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் கனம், லேசு, கனம், லேசு என்று கை உணரும். கோணம் ஒவ்வொரு ஜாயின்டிலும் 30 டிகிரிக்குள் இருக்கட்டும். மூன்றாவது ஜாயின்ட் வேண்டிவந்தால் நடுவே ஒரு தாங்கு பேரிங் கட்டாயம், இல்லாவிட்டால் தண்டு பாம்பாக நெளியும். ரப்பர் கப்ளிங்கை வைத்துக்கொள்வதானால் புதிது போடுங்கள். நான் அதை எடுத்துவிட்டு இரும்பு ஜாயின்ட் போட்டேன். சாலை அதிர்வு கொஞ்சம் கைக்கு வருகிறது, பழகிவிட்டது.

யாரும் யோசிக்காத இன்னொரு இடம் டேஷ்போர்டு பிராக்கெட். மோட்டார் தண்டை ஒரு பக்கம் திருப்பும்போது அதன் உடல் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். கார்களில் அதைத் தாங்க டேஷ்போர்டுக்குள் கனமான குறுக்குக் குழாய் உண்டு. ஜிப்ஸியின் டேஷ்போர்டுத் தகடு அதற்காகச் செய்ததல்ல. சும்மா இரண்டு போல்ட்டில் தொங்கவிட்டால் திருப்பும்போதெல்லாம் முழு டேஷ்போர்டும் முனகும். கொஞ்ச நாளில் துளை நீள்வட்டமாகும். 4 மில்லிமீட்டர் தகட்டில் பிராக்கெட் செய்து, ஃபயர்வாலுக்கு (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடு) ஒரு தாங்கு கொடுங்கள். காலத்தோடு வந்த, மோதலில் நழுவிவிடும் கிளிப்புகளை அப்படியே பயன்படுத்துங்கள்.

சரி, வயரிங். நின்ற இடத்தில் முழுக்கத் திருப்பும்போது இந்த யூனிட் 30, 40 ஆம்பியர் வரை இழுக்கும். 12 வோல்ட்டில் கணக்குப் போட்டால் ஒரு மிக்ஸி ஓடுகிற சக்தி. நேராகப் போகும்போது ஒன்றிரண்டு ஆம்பியர்தான். இந்தக் கூடுதல் இழுப்பை ஹெட்லைட் வயரிலிருந்து எடுக்க முடியாது. பேட்டரியிலிருந்தே 8 அல்லது 10 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், அதே கனத்தில் எர்த். ஃபியூஸ் அளவு யூனிட் வந்த காரில் எவ்வளவோ அதுவே. பழைய வண்டியின் எர்த் பட்டையைக் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். 'உதவி விட்டுவிட்டு வருகிறது' என்ற புகார்களில் பாதி அந்தத் துருவில் முடியும். ஆல்டர்நேட்டர் மீதுள்ள ஆம்பியரைப் படித்துப் பாருங்கள். கூடுதல் விளக்கும் வின்ச்சும் இருந்தால் பெரியது மாற்றாமல் தீராது. கார்புரேட்டர் வண்டியில் இன்னொரு சில்லறைத் தொல்லை: மோட்டார் திடீரென்று இழுக்கும்போது ஐடிலிங் தொங்கி இன்ஜின் அணையப் பார்க்கும். ஐடிலிங்கை நிமிடத்துக்கு 900 சுற்றுப் பக்கம் வைத்து, விசிறியும் லைட்டும் போட்டு, ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பிச் சோதியுங்கள்.

இக்னிஷன் கம்பி சாதாரண விஷயம், ஃபியூஸ் வழியாகக் கொடுத்தால் போதும். இன்ஜின் ஓடுகிறது என்ற சிக்னல், பெட்ரோல் வண்டியில் இக்னிஷன் காயிலின் நெகடிவ் முனையிலிருந்து. இதே வேலையை டீசல் மஹிந்திரா ஜீப்பில் செய்கிறவருக்குக் காயில் கிடையாது, ஆல்டர்நேட்டரின் டபிள்யூ முனையிலிருந்து எடுத்து, யூனிட் எதிர்பார்க்கும் அதிர்வெண்ணுக்குக் கொண்டுவர வேண்டும்.

வேகச் சிக்னல்தான் பலரும் சோம்பேறித்தனம் காட்டும் இடம். உங்கள் வண்டியில் ஸ்பீடோமீட்டர் கேபிளில் ஓடுகிறது. கேபிளின் நடுவே மாட்டும் சென்சார் ஒன்றை வைத்தால் வேலை முடிந்தது. பழைய ஜப்பானிய வழக்கப்படி கேபிள் கிலோமீட்டருக்கு 637 சுற்று, சென்சார் சுற்றுக்கு 4 துடிப்பு. பெருக்கினால் கிலோமீட்டருக்கு 2548. 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 42-க்கும் கொஞ்சம் மேல். சென்சாரைத் தேர்ந்தெடுக்கும்போது 4 துடிப்பு என்று கேட்டு வாங்குங்கள். டயர் பெரிதானதால் உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டும், அதனால் உதவி ஒரு துளி கூடும், பெரிய பாதகமில்லை.

இந்தச் சிக்னலே இல்லாமல் விட்டால்? இன்ஜின் வேகமாகச் சுழல்கிறது, வண்டியின் வேகம் பூஜ்யம், இது வெகுநேரம் தொடர்கிறது என்றால், பல யூனிட்டுகள் அதைப் பழுது என்று முடிவுகட்டி உதவியை நிறுத்திவிடும். அது எங்கே நடக்கும்? நெடுஞ்சாலையில் அரைமணி ஓட்டிவிட்டு மலைச்சாலை தொடங்கும் இடத்தில். அதுவரை லேசாக இருந்தது திடீரென்று கல்லாகும். சிலர் இதற்கு மாற்றாக, பொய்யான வேகத்தைத் தரும் சின்ன பெட்டி ஒன்றை மாட்டி, ஒரு குமிழால் உதவியைக் கூட்டிக் குறைக்கிறார்கள். நிறுத்துமிடத்தில் முழு உதவிக்குத் திருகிவிட்டு அப்படியே நெடுஞ்சாலைக்குப் போன ஆளை எனக்குத் தெரியும். லேனை மாற்ற நினைத்தவர் சாலையையே மாற்றிவிட்டார். அடிபடவில்லை. டார்க் சென்சார் கம்பிகளிலேயே கைவைக்கும் பெட்டிகள் இன்னும் மோசம். அங்கே ஒரு கனெக்ஷன் தளர்ந்தால் ஸ்டீயரிங் உங்களைக் கேட்காமல் திரும்பும்.

எச்சரிக்கை விளக்கையும் டேஷ்போர்டில் கொண்டுவந்து மாட்டுங்கள், விட்டுவிடாதீர்கள். பழைய மாருதி யூனிட்டுகளில் அந்த விளக்கு மின்னும் எண்ணிக்கையை வைத்தே பழுதைப் படிக்கலாம், ஸ்கேனர் வேண்டாம்.

மாட்டிய பிறகு ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வருவது முன்பைவிட மந்தமாக இருக்கும். மோட்டாரும் வார்ம் கியரும் உராய்வைக் கூட்டுகின்றன. உயரம் ஏற்றிய வண்டியில் முன் ஆக்ஸில் லேசாகச் சுழன்று காஸ்டர் கோணம் (கிங் பின் அச்சு பின்னோக்கிச் சாயும் அளவு) குறைந்திருக்கும், அது சேர்ந்தால் வளைவு முடிந்ததும் நீங்களே திருப்பிக் கொண்டுவர வேண்டிவரும். தொழிற்சாலைக் கணக்கு சுமார் மூன்றரை டிகிரி. லீஃப் ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு வடிவ ஷிம் வைத்து அதைத் திரும்பப் பெறலாம். மேட்டில் ஏறி இறங்கினால் முன்சக்கரம் கடகடவென்று ஆடும் நோய் இருந்தால் அது பவர் ஸ்டீயரிங்கால் தீராது. பெரும்பாலும் பிளே விட்ட பேரிங்கும் டை ராட் முனையும்தான் காரணம், மோட்டார் அதைக் கைக்குத் தெரியாமல் மறைத்து மட்டும் வைக்கும்.

காட்டுக்குள் மெதுவாக ஊர்ந்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிக்கொண்டே இருந்தால் மோட்டார் சூடாகும். யூனிட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உதவியைப் படிப்படியாகக் குறைக்கும். பழுதல்ல, பத்துப் பதினைந்து நிமிடம் ஓய்வு கொடுத்தால் திரும்ப வரும். முழுக்கத் திருப்பிய நிலையில் பிடித்து வைத்திருக்காதீர்கள், அப்போதுதான் அதிகம் கொதிக்கும். ஊருக்குத் திரும்பி வந்து சேற்றைக் கழுவும்போது டேஷ்போர்டுக்குள் தண்ணீர்க் குழாயைக் காட்டாதீர்கள். திறந்த வண்டி என்பதால் கன்ட்ரோல் யூனிட்டை உயரத்தில், கனெக்டர் கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். ஆற்றுக்குப் பயந்து மேலே வைத்தவர்கள்கூட மழையை மறந்துவிடுகிறார்கள்.

காகித விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளத்து வழக்கு ஒன்றில் அதை இறுக்கமாகவே பொருள்கொண்டது. உங்கள் வண்டி 15 வருடத்தைத் தாண்டிவிட்டதால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஃபிட்னஸுக்குப் போயே ஆக வேண்டும். ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். விபத்துக்குப் பிறகு ஸ்டீயரிங் தண்டில் வெல்டிங்கைப் பார்த்த சர்வேயரிடம் விளக்கம் சொல்வதைவிட இது சுலபம்.

எல்லாம் முடிந்ததும் நேரே கொல்லிமலைக்குக் கிளம்பிவிடாதீர்கள். 70 கொண்டை ஊசி வளைவு அங்கே காத்திருக்கிறது. முதலில் காலியான மைதானம் ஒன்றில், ஓடும் இன்ஜினோடு பவர் ஸ்டீயரிங் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். தொடர்பு அறுந்துபோகாது, சக்கரம் திரும்பும். ஆனால் செத்த மோட்டாரையும் சேர்த்து நீங்கள் சுழற்றுவதால் பழைய கனத்தைவிடக் கூடுதலாக இருக்கும். எட்டு வடிவில் பத்துச் சுற்று, பின்னால் எடுத்து இரண்டு தடவை பார்க்கிங். வீட்டில் வேறு யாராவது அந்த வண்டியை ஓட்டுவார்கள் என்றால் அவர்களையும் உட்காரவைத்து இதைச் செய்யச் சொல்லுங்கள். என் மனைவி ஐந்தாவது சுற்றில் வண்டியை நிறுத்தி, ஃபியூஸைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இதே மாதிரி இரண்டு எப்போதும் கிளவ் பாக்ஸில் இருக்கட்டும் என்றாள். இருக்கிறது.